மாட்டுத் தரகரின் வலது கை

கையில் ஸ்டென்ட் வைக்கக் கற்றுக்கொள்ள வந்திருக்கும் உங்களுக்கு நான் மாட்டுச் சந்தையைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். முகத்தைச் சுளிக்க வேண்டாம். எந்தக் கம்பியை எந்தப் பக்கம் திருப்புவது, எவ்வளவு மருந்து விட்டுப் படம் எடுப்பது என்பதையெல்லாம் உங்களுக்கு மேலே இருப்பவர்கள் சொல்லித் தருவார்கள். மறந்தால் திட்டவும் செய்வார்கள். ஓய்வு பெற்றுவிட்ட எனக்கு அந்த இரண்டு வேலையும் இப்போது இல்லை.

திருப்பதியில் ஒரு தனியார் மருத்துவமனையில் ரத்தக் குழாய் அடைப்புகளைத் திறக்கும் டாக்டராக வெகுகாலம் இருந்தேன். சிறுநீரகம் கெட்டுப்போனவர்கள் பாதிப் பேர் என்னிடம் வந்தது சிறுநீரகத்துக்காக அல்ல, கைக்காக. டயாலிசிஸ் மெஷினுக்கு ரத்தம் வேகமாகப் போய்த் திரும்ப வேண்டும். சாதாரண நரம்பு அதைத் தாங்காது. அதனால் கையில் ஒரு தமனியையும் ஒரு சிரையையும் சேர்த்துத் தைத்துவிடுகிறோம். அந்த இடத்தில் விரல் வைத்தால், மாவு மில் சுவரில் கை வைத்தது போல ஓயாமல் அதிரும். நாம் அதற்கு ஃபிஸ்டுலா, த்ரில் என்று என்னென்னவோ பெயர் வைத்திருக்கிறோம். நம் ஜனங்கள் 'ஓட்டம்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். ஓட்டம் இருந்தால் உயிர் இருக்கிறது, அவ்வளவுதான்.

கன்னியப்பனுக்கு ஓட்டம் வலது கையில். இடது கையில் முதலில் தைத்தது அடைத்துக்கொண்டு வீணாகிவிட்டது. வலது கையும் போனால் கழுத்தில் குழாய் சொருகவேண்டும், அது எத்தனை நாள் தாங்கும் என்று யாரும் சொல்ல முடியாது. பலமனேர்ப் பக்கத்து மாட்டுச் சந்தைகளில் அவர் தரகர். பேச்சுக்கு வாயும் பேரத்துக்கு வலது கையும்தான் அவருடைய முதல். சித்தூரில் ஒரு நர்சிங் ஹோமில் டயாலிசிஸ் செய்துகொள்வார். குழாயில் கோளாறு என்றால் பஸ் ஏறித் திருப்பதிக்கு என்னிடம் வருவார். கூடவே மனைவி முனியம்மாளும் வருவார்.

ஓட்டம் உள்ள கையால் கனம் தூக்கக்கூடாது, அந்தக் கையின் மேல் படுக்கக்கூடாது, வாட்ச் கட்டக்கூடாது என்று எங்கள் சிஸ்டர்கள் சொல்லி அனுப்புவார்கள். கன்னியப்பனைப் போல அதைக் கடைப்பிடித்த நோயாளியை நான் பார்த்ததில்லை. அளவுக்கு மீறியே கடைப்பிடித்தார்.

"கொடைய கூட நான்தான் சார் தூக்கினு வர்றேன்," என்பார் முனியம்மாள். "வூட்ல தண்ணி மோந்து குடிக்கச் சொன்னா, டாக்டர் திட்டுவாருன்றாரு. சொம்பு இன்னா கனமா சார்?"

"நீயும்தான கேட்டுக்கினு இருந்த, சிஸ்டரம்மா சொன்னாங்க இல்ல?" என்பார் கன்னியப்பன், கையைத் துண்டால் போர்த்தியபடி.

இப்படிப்பட்டவருக்குத்தான் முழங்கைக்கு நாலு விரல் கீழே குழாய் சுருங்கிக்கொண்டு வந்தது. பலூனை உள்ளே விட்டு ஊதி விரித்தேன். நன்றாக ஓடியது. சில மாதங்களில் அதே இடத்தில் மறுபடி சுருக்கம். மறுபடி பலூன். இந்த முறை பலூனை எடுத்ததுமே குழாய் பழையபடி சுருங்கிக்கொண்டது. இனி ஸ்டென்ட்தான் என்று முடிவு செய்தேன். சுருங்குகிற குழாய்க்குள் முட்டுக் கொடுக்கிற சின்ன வலைக்குழாய் அது. இதயத்துக்கு வைப்பதை எல்லாரும் கேள்விப்பட்டிருந்தார்கள். கைக்கு வைப்பது எங்கள் பக்கத்தில் அப்போது புதுசு.

நாடு கதவைத் திறந்துவிட்ட காலம் அது. பலமனேர் வீட்டுப் பிள்ளைகள் கம்ப்யூட்டர் வேலைக்கு அமெரிக்கா போனார்கள். அமெரிக்கச் சாமான்கள் ரேணிகுண்டாவில் ரயில் இறங்கி எங்களிடம் வந்தன. கன்னியப்பனின் மகனும் அப்படிப் போனவன்தான். நல்ல பையன். ஆனால் அப்பா அம்மா கையில் ஒரு செல்போனை வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனான், அதில் நான்தான் மாட்டிக்கொண்டேன்.

"டாக்டர், இங்க பக்கத்து வீட்டு டாக்டர் கிட்ட கேட்டேன். ஸ்டென்ட்தான் பெஸ்ட்னு சொல்றாரு. ரெண்டாவே வெச்சிடுங்களேன்."

"அவர் எதுக்கு டாக்டர்?"

"டென்டிஸ்ட்."

மகன் மட்டும் என்றால் சமாளித்திருப்பேன். எங்கள் மருத்துவமனை முதலாளி கிரானைட்டில் சம்பாதித்தவர். கல்லை அறுத்துக் கப்பல் ஏற்றியவருக்கு எதையும் சும்மா செய்யப் பிடிக்காது. இந்தப் பக்கத்திலேயே கையில் வைக்கிற முதல் ஸ்டென்ட் எங்களுடையது என்று அவரே தீர்மானித்துக்கொண்டு, பத்திரிகை போட்டோகிராஃபருக்கும் சொல்லி அனுப்பிவிட்டார். முதலாவதா என்று யாரும் விசாரிக்கவில்லை. சென்னையிலிருந்து ஸ்டென்ட் கம்பெனிப் பிரதிநிதி ஒருவர் பெட்டியோடு வந்து இறங்கினார். கழுத்தில் டை, காலில் பளபளக்கிற ஷூ. சித்திரை வெயிலில் அந்த டையைப் பார்த்தாலே நமக்கு மூச்சு முட்டும்.

அவர் கொண்டுவந்தது ஸ்டீல் ஸ்டென்ட். அதில் ஒரு விஷயத்தை மட்டும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஸ்டென்ட்டில் இரண்டு ஜாதி. ஒன்று, பலூனால் விரித்தால் விரிந்தபடி நிற்கும், வெளியிலிருந்து நசுக்கினால் நசுங்கியபடியே கிடக்கும். இன்னொன்று ஸ்பிரிங் போல, அமுங்கினாலும் எழுந்துகொள்ளும். கிடைத்தது முதல் ஜாதி. நோயாளியோ சொம்பு கூடத் தூக்காதவர். அந்தக் கையை யார் நசுக்கப்போகிறார்கள் என்று எல்லாருக்கும் ஒரு நிம்மதி. எனக்கும்தான்.

அன்றைக்குக் காலையில் ஸ்டென்ட் வைக்கிற லேப் வாசலில் தள்ளுவண்டியில் கன்னியப்பனைப் படுக்கவைத்திருந்தார்கள். உடம்பில் மருத்துவமனை அங்கி. தோளில் மட்டும் அவருடைய துண்டு, அதை விடமாட்டேன் என்றுவிட்டார். பக்கத்து நாற்காலியில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கம்பெனிக்காரர். முனியம்மாள் போனைக் காதில் வைத்து மகனிடம் பேசிக்கொண்டிருந்தார். போட்டோகிராஃபர் சுவரோரம் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். நான் கை கழுவப் போகிற வழியில் கன்னியப்பனின் குரல் கேட்டு நின்றேன்.

"இன்னா வெல சொல்ற தம்பி, அந்த டப்பாக்கு?"

"அதெல்லாம் ஆஸ்பத்திரியில பேசியாச்சுங்க. ஃபிக்ஸட் பிரைஸ்."

"ஃபிக்ஸட்னு ஒலகத்துல ஒண்ணும் கெடையாது. மாட்டுக்கு வயசே ஃபிக்ஸட் கெடையாது. கைய குடு."

"எதுக்குங்க?"

"குடு தம்பி, துன்னுட மாட்டேன்."

அவர் எழுந்து உட்கார்ந்து, துண்டை உதறி, இருவர் கைகளின் மேலும் போட்டார். மாட்டுச் சந்தைப் பேரத்தை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். விலையை வாயால் சொல்வதில்லை. துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துத்தான் கேட்பார்கள், விரலைப் பிடித்துத்தான் மறுப்பார்கள். சுற்றி நிற்பவர்களுக்கு முகம் மட்டும்தான் தெரியும். கன்னியப்பன் முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை. கம்பெனிக்காரர் முகத்தில் எல்லாமே தெரிந்தது. குனிந்ததில் அவருடைய டையும் துண்டுக்குள் போய்விட்டிருந்தது.

"வெரல கெட்டியா புடி. பொண்ணு பாக்கவா வந்துகீற? ஆங், அப்டிதான். இப்ப நீ ஒத்துக்கினேன்னு வெச்சுக்க. கைய மேல கொண்டாந்து, மணிக்கட்டத் தாண்டி, தோ இங்க புடிச்சி ஓங்கி ஒரு அமுக்கு அமுக்கணும். அமுக்கு வுழுந்துட்டா அந்த பிரம்மா வந்தாலும் வெல மாறாது. நல்லா அமுக்கு தம்பி. வெக்கப்படாத."

துண்டுக்கு மேலே ஒரு மேடு நகர்ந்து மேலே போனது. முழங்கைக்கு நாலு விரல் கீழே போய் நின்றது. அந்த இடத்தை எனக்கு நன்றாகத் தெரியும். திரையில் இரண்டு முறை பார்த்திருக்கிறேன்.

எனக்குக் கோபம் வந்தால் குரல் காளஹஸ்தி வரை கேட்கும் என்று சிஸ்டர்கள் சொல்வார்கள். நான் போட்ட சத்தத்தில் கம்பெனிக்காரர் பதறி எழுந்தார். டை துண்டுக்குள் கன்னியப்பனின் பிடியில் இருந்ததால் எழுந்த வேகத்திலேயே உட்கார்ந்தார்.

"இதை எத்தனை நாளா செய்றீங்க?" என்று கேட்டேன்.

"எத சார்?"

"இந்த அமுக்கை."

கன்னியப்பன் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "எங்க நைனா காலத்துலேருந்து, சார். சந்தைல அமுக்காம எப்டி?"

"கையில் ஓட்டம் வெச்ச பிறகும்?"

"அப்புறம்தான் சார் ஜாஸ்தி. மொதல்ல கைய தொட்டதும் அதிருதா, மாட்டு யாவாரி நாகப்பா இருக்கானே, அவன் நான் பயந்து நடுங்கறேன்னு நெனச்சிக்கினு ஏமாந்தான். அப்பறம் கையில கரன்ட் கீதுன்னு பேரு வந்துச்சி. ஒவ்வொருத்தனும் ஆசையா புடிச்சி அமுக்கிட்டுதான் போவான்."

கனம் தூக்காதே, படுக்காதே, கட்டாதே என்று சொன்னோம். எல்லாவற்றையும் அவர் கேட்டார். அந்தக் கை என்ன வேலை செய்து பிழைக்கிறது என்று மட்டும் எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. கொம்பைப் பிடித்துக் காளையை நிறுத்துகிறவர்கள் சந்தைக்குச் சந்தை அந்த ஒரே இடத்தைப் பிடித்து நசுக்கியிருக்கிறார்கள். சுருக்கம் வந்ததற்கு அதுதான் காரணம் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன், குழாய் தானாகவும் சுருங்கும். ஆனால் அந்த இடத்தில் ஸ்டீல் ஸ்டென்ட்டை வைத்தால் அடுத்த சந்தையில் அது தகடாகிவிடும் என்பதற்கு எந்தக் கோயிலிலும் சூடம் அணைப்பேன். தகடானால் ஓட்டம் நிற்கும். இன்னொரு கை அவருக்கு இல்லை.

"இன்னிக்கு ஸ்டென்ட் கிடையாது," என்றேன்.

உடனே எல்லாரும் பேச ஆரம்பித்தார்கள். முதலாளி ஓடிவந்து, போட்டோகிராஃபர் காத்திருக்கிறாரே என்றார். கம்பெனிக்காரர், பெட்டியைத் திரும்ப எடுத்துப் போனால் மேனேஜர் என்ன சொல்வாரோ என்றார். முனியம்மாள் போனை என் காதில் வைத்தார். "டாக்டர், ஒண்ணாவது வெச்சிடுங்க," என்றான் மகன், கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

நமக்குக் கஷ்டம் வருவது ஊசி குத்தும்போது அல்ல, பிள்ளைகளே. எல்லாம் தயாராக இருக்கும்போது வேண்டாம் என்று சொல்கிற நேரத்தில்தான். மேஜை தயார், சாமான் தயார், ஊர் தயார். அப்போது எதையாவது வைத்துவிடுவதுதான் சுலபம். அன்றைக்கு முதலாளி முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் மறுபடியும் சொன்னேன். போட்டோகிராஃபர் வீணாகப் போகக்கூடாது என்று முதலாளி அவரைக் கொல்லைப்பக்கம் கூட்டிப்போய்ப் புது ஜெனரேட்டரோடு நின்று படம் எடுத்துக்கொண்டார். அது பத்திரிகையிலும் வந்தது.

ஸ்பிரிங் ஜாதி ஸ்டென்ட் வரவழைக்கச் சொன்னேன். அதுவரை தாக்குப்பிடிக்கப் பலூனால் விரித்துவிட்டேன். ஆனால் ஸ்பிரிங் ஆனாலும் வாரம் தவறாமல் நசுக்கினால் எத்தனை நாள் எழுந்திருக்கும்? அமுக்கு நிற்கவேண்டும். வார்டில் போய் உட்கார்ந்து சொன்னேன்.

"அமுக்கு இல்லாத பேரம், தாலி இல்லாத கல்யாணம், சார்," என்றார் கன்னியப்பன்.

"கை பூட்டா அப்பறம் எத்த வெச்சி தரகு பண்ணுவ?" என்றார் முனியம்மாள்.

"அதுக்குன்னு? அமுக்காத தரகன நம்பி எவன் மாட்ட அவுப்பான்? கை இருந்து தொழில் இல்லன்னா, கைய வெச்சிக்கினு நான் இன்னா பண்றது? உனக்கு சொம்பு தூக்கவா?"

சிரித்தபடிதான் சொன்னார். ஆனால் கண் கலங்கியிருந்தது. தொழிலை விடு என்று டாக்டர்கள் எத்தனை பேரிடம் எவ்வளவு லேசாகச் சொல்லிவிடுகிறோம் என்று அப்போது எனக்குச் சுருக்கென்றது. கோபமும் வந்தது, எனக்கு எல்லாமே கோபமாகத்தான் வரும். அவர் தோளிலிருந்த துண்டை உருவி எங்கள் இருவர் கைகளின் மேலும் போட்டேன்.

"இப்போ என்கிட்ட பேரம் பேசுங்க," என்றேன்.

அவர் கண்ணில் பளிச்சென்று ஒரு வெளிச்சம். என் விரலைப் பிடித்தார். என்ன விலை கேட்டார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் கையை மேலே கொண்டுபோய், பிடிக்காமல், அமுக்காமல், இரண்டு விரலை மட்டும் ஓட்டத்தின் மேல் வைத்தேன். தினமும் நான் நோயாளிகளுக்குச் செய்கிற சோதனைதான். விரலுக்கடியில் அதிர்ந்தது.

"அதிருதா?" என்றேன்.

"அதிருது."

"என் விரலுக்கும் தெரியுது, உங்க கைக்கும் தெரியுது. இதை விடவா ஒரு அமுக்கு சாட்சி சொல்லும்?"

துண்டை எடுத்து மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். "எதிராளி ஒத்துக்கணுமே சார்," என்றார்.

"டாக்டர் சொன்னார்னு சொல்லுங்க."

"டாக்டர் சொன்னாருன்னா சந்தைல சிரிப்பானுங்க." கொஞ்சம் யோசித்தார். "திருப்பதில சொன்னாங்கன்னு சொல்றேன். யாரு சொன்னாங்கன்னு ஒருத்தனும் கேக்கமாட்டான்."

ஸ்பிரிங் ஸ்டென்ட் வந்தது. வளைகிற முழங்கையில் படாமல், ஊசி குத்துகிற இடத்தை விட்டு, சுருக்கத்தில் மட்டும் வைத்தேன். போட்டோ எடுக்க யாரும் வரவில்லை. சந்தையில் ஒருவரும் யார் சொன்னது என்று கேட்கவில்லையாம். கன்னியப்பன் கையில் விரல் வைத்து ஓட்டம் தெரிந்தால் பேரம் முடிந்தது என்றும், அதற்குப் பிறகு வார்த்தை மாறினால் மலையிலிருப்பவன் பார்த்துக்கொள்வான் என்றும் ஆகிவிட்டது. நாம் மாதத்துக்கு ஒரு தடவை வரச்சொல்லிச் செய்கிற சோதனையை, சந்தைக்குச் சந்தை ஆளாளுக்குச் செய்துகொண்டிருந்தார்கள். எந்த மருத்துவமனைக்கும் அப்படி ஒரு ஏற்பாடு கிடைக்காது.

ஒரு வெள்ளிக்கிழமை, மருத்துவமனை வாசலில் ஒரே சத்தம். ஜன்னல் வழியே பார்த்தேன். ஒரு மினி லாரி நின்றது. பின்னால் ஒரு கறவை மாடு. மாடு உள்ளே வரக்கூடாது என்று செக்யூரிட்டி சொல்ல, மாட்டை யார் உள்ளே கூட்டிவந்தது, மனுஷனைத்தான் கூட்டிவந்திருக்கிறேன் என்று ஒருவர் தெலுங்கில் கத்திக்கொண்டிருந்தார். உருமால் கட்டிய பெரிய உடம்பு. ஒரு கையில் கன்னியப்பனின் சட்டைக் காலரைப் பிடித்திருந்தார். ஓட்டம் உள்ள கையைத் தொடவில்லை, அதைக் கவனித்தேன். முனியம்மாள் குடையோடு பின்னால் ஓடிவந்தார்.

"சார், நான் நாகப்பா," என்றார் வந்தவர். பல வருஷமாக வாய்ப்பேச்சு இல்லை, துண்டுக்கு அடியில் பேரம் மட்டும்தான் என்று கன்னியப்பன் சொல்லியிருந்த அதே நாகப்பா. "வெல ஒத்துப்போச்சி சார். முடிக்கலாம்னு வெரல வெச்சா, ஓட்டம் லேது, இல்லவே இல்ல."

"நம்பாதீங்க சார்," என்றார் கன்னியப்பன், காலர் பிடியிலிருந்தபடியே. "மாடு வெல ஜாஸ்தின்னு தோணிபோச்சி இவனுக்கு. பேரத்த ஒடைக்கப் பாக்கறான். ஓட்டம் நல்லாதான் கீது."

"காலையில நீங்க தொட்டுப் பாத்தீங்களா?"

"ஊரே பாக்குது, நான் வேற எதுக்கு சார்?"

விரல் வைத்துப் பார்த்தேன். அதிர்வு இல்லை. ஆழத்தில் நாடித் துடிப்பு மட்டும் லேசாகத் தட்டியது. கன்னியப்பன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சந்தையில் அவர் முகத்தில் எதுவும் தெரியாது என்பார்கள். அன்றைக்குத் தெரிந்தது.

ஸ்டென்ட்டின் ஓரத்தில் குழாய் சுருங்கி, அதன் பின்னால் ரத்தம் உறைய ஆரம்பித்திருந்தது. அப்போதுதான் ஆரம்பித்திருந்ததால் வழி கிடைத்தது. அடுத்த டயாலிசிஸ் நாள் வரை விட்டிருந்தால் கெட்டியாகியிருக்கும், அந்தக் கையும் முடிந்திருக்கும். உறைந்ததை இழுத்து எடுத்து, ஓரத்தைப் பலூனால் விரித்து, நிமிர்ந்தபோது என் முதுகு ஒடிந்துவிட்டது போலிருந்தது. வெளியே மாடு கத்திக்கொண்டே இருந்தது.

கன்னியப்பனை வெளியே தள்ளிக்கொண்டு வந்தார்கள். முனியம்மாள் அழுதுகொண்டும் திட்டிக்கொண்டும் இருந்தார். நாகப்பா நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார். என்னைப் பார்க்கக்கூட இல்லை.

"ஏன்யா," என்றார் கன்னியப்பன். "பேசாம முடிச்சிக்கினு போயிருக்கலாம் இல்ல? உனக்கு இன்னா போச்சி?"

"நீ பூட்டா நான் யார்கிட்ட பேரம் பேசுவேன்?" என்றார் நாகப்பா. தோளிலிருந்து துண்டை எடுத்து அந்தக் கையின் மேல் போட்டு, தன் கையையும் உள்ளே விட்டார். துண்டின் மேடு மெதுவாக மேலே நகர்ந்து, கட்டுக்குச் சற்று அப்பால் நின்றது. கண்ணை மூடிக்கொண்டார்.

"உந்தி," என்றார் தெலுங்கில். பிறகு முனியம்மாளுக்காகத் தமிழில், "கீது."

வாசலில் நின்ற மாடு கைமாறியது. ஒவ்வொரு சிகிச்சைக்குப் பிறகும் ஓட்டம் பார்ப்பதற்கு முதல் உரிமை டாக்டருக்கு என்பது எங்கள் லேபின் பழைய வழக்கம். அன்றைக்கு நான் என் முறைக்காகக் காத்திருந்து, நாகப்பா கையை எடுத்த பிறகுதான் விரல் வைத்துப் பார்த்தேன்.